தபால் பையிலே ஒரு கல்லூரி

கல்லூரி என்றதும் கண்ணிலே தோன்றுவது எது? ஓங்கி நிற்கும் கட்டடம், மணி அடித்ததும் வகுப்பு மாறும் மாணவர் கூட்டம், கையிலே சாக்பீசுடன் கரும்பலகை முன் நிற்கும் பேராசிரியர். இவற்றில் ஒன்றுமே இல்லாத கல்லூரி ஒன்று 1971 ஆம் ஆண்டிலே மதுரையில் பிறந்தது! அதற்கு வாசற்கதவு தபாலாபீஸ். பாடம் புக்-போஸ்டிலே வரும். மாணவனோ மேலூரிலே, உசிலம்பட்டியிலே, சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பக்கத்திலே, தன் வீட்டுத் திண்ணையில் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு அமர்ந்திருப்பான்.

அஞ்சல்வழிக் கல்வி என்று அதற்குப் பெயர். மதுரைப் பல்கலைக் கழகம் அந்தச் சோதனையில் இறங்கிய ஆண்டிலேதான் அதன் துணைவேந்தரானார் டாக்டர் மு. வரதராசனார் – நாடறிந்த மு.வ. அவரை நாவலாசிரியர் என்று போற்றுவோர் உண்டு. திருக்குறளுக்குத் தெளிவுரை தந்தவர் என்று போற்றுவோர் அதனினும் அதிகம். நாம் சொல்ல விரும்புவது அவருடைய வாழ்விலே அதிகம் பேசப்படாத பக்கம்.

வட ஆர்க்காடு மாவட்டத்து வேலம் என்ற சிற்றூர்க் குடும்பம். 1912 ஏப்ரல் 25 இல் பிறந்த பிள்ளைக்குத் திருவேங்கடம் என்று பெயரிட்டனர். பாட்டனார் பெயரான வரதராசன்தான் நிலைத்தது. திருப்பத்தூரிலே பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்து என்ன? நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அன்றைக்கு அடுத்தது என்று ஒன்றுதான் – உத்தியோகம். தாலுக்கா கச்சேரியிலே எழுத்தர் வேலை. கோப்பும் கூட்டல் கழித்தலுமாக ஓடியிருக்க வேண்டிய வாழ்வு! உடல் நலம் கெட்டது. வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார். நோய் செய்த நன்மை என்று சொன்னால் தவறாகாது. ஓய்வு நாட்களிலே முருகைய முதலியார் என்ற ஆசிரியரிடம் தமிழ் படித்தார். தனியே பயின்று, 1935 இல் வித்துவான் தேர்வு எழுதி, மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடம் ஆயிரம் ரூபாய் பரிசளித்தது. மடத்துப் பணம் மாணவனிடம் போய்ச் சேர்ந்த நாள் – நல்ல செலவு என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.

ஆயிரம் ரூபாய் அந்நாளிலே சிறு தொகையா? அதைவிடப் பெரிது, அதற்குப் பின்னே கிடக்கும் உண்மை. வகுப்பறை தராததை, வீட்டு மூலையிலே விடாது படித்து வாங்கிக் கொண்டார் ஒரு முன்னாள் எழுத்தர். பிறகும் அதே வழிதான். திருப்பத்தூர் உயர்நிலைப் பள்ளியிலே தமிழாசிரியராக இருந்தபடியே படித்து 1939 இல் பி.ஓ.எல். பட்டம், அதே ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலே விரிவுரையாளர் பதவி, 1944 இல் எம்.ஓ.எல்.; 1948 இல், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம். காலையிலே பாடம் சொல்வது, மாலையிலே தாம் பாடம் படிப்பது! வேலையும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்க முடியும் என்று எவரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. இருந்து பார்த்தவர் அவர்.

நாவல்கள் பற்றி ஒரு சொல். செந்தாமரை, கள்ளோ காவியமோ, கரித்துண்டு என்று வரிசையாக வந்தன. அகல் விளக்கு 1961 இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. கதை ஓட வேண்டிய இடத்திலே அறவுரை குறுக்கே வந்து நின்றுவிடுகிறது என்று விமர்சகர் குறை சொல்வர். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்ப் படிப்பகத்திலே அந்த நூல்களை எடுத்துச் சென்றவன் அந்த அறவுரைக்காகவேதான் எடுத்துச் சென்றான்! அவனுக்கு வீட்டிலே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, ஆசிரியரும் இல்லை. தம்பிக்கு, தங்கைக்கு, அன்னைக்கு, நண்பர்க்கு என்று கடித வடிவிலே மு.வ. எழுதிய நூல்களையும் எண்ணிப் பாருங்கள். 1949 இல் வெளிவந்த, சட்டைப் பையிலே அடங்கும் திருக்குறள் தெளிவுரையையும் எண்ணிப் பாருங்கள். பதிப்பின் மேல் பதிப்பாகப் பரவிய அந்தச் சிறு நூலைக் கையிலே வைத்திருந்தவனுக்குக் குறள் விளங்க உரையாசிரியன் வீட்டு வாசலிலே காத்திருக்க வேண்டியதில்லை. தபால்வழிக் கல்வி என்ற பெயர் இங்கே வருமுன்னரே, கடிதத்தாலும் கையடக்க நூலாலும் பாடம் நடத்திக் கொண்டிருந்தவரன்றோ அவர்!

இனி மதுரை. 1966 இல் பிறந்தது மதுரைப் பல்கலைக் கழகம். முதல் துணைவேந்தர் பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். நகருக்கு மேற்கே, தேனிச் சாலையிலே, நாகமலை அடிவாரத்துப் புதுக்கோட்டைக்கு அருகே வளாகம் எழுந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி – நான்கு மாவட்டங்கள் அதன் எல்லை. வைகைக் கரை வயலும் உண்டு, மழை பொய்த்த முகவைக் கரிசலும் உண்டு. மதுரை நகரிலே அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் கல்லூரி என்று நல்ல கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் வாசலுக்கு வர, பகல் பொழுது வேண்டுமே! பகலை முதலாளிக்கு விற்றுவிட்டவன் எங்கே போவான்? ஹார்வி மில்லிலே சங்கு ஊதியதும் உள்ளே போக வேண்டியவன், ஒற்றை ஆசிரியர் பள்ளியிலே ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கும் ஆசிரியர், மணமாகிப் புக்ககம் வந்து அடுப்படியிலே அடங்கிவிட்ட பெண் – இவர்களுக்குப் பட்டம் என்பது பிறர் வீட்டுக் கலியாணச் சாப்பாடாகவே இருந்தது. அந்த ஆசிரியருக்கோ பட்டம் வெறும் அலங்காரமல்ல, பி.ஏ. இருந்தால்தான் பி.டி., பி.டி. இருந்தால்தான் உயர்நிலைப் பள்ளி, அங்கே போனால்தான் சம்பள உயர்வு!

இந்த நிலையிலேதான் 1971 இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. பெருமையை ஒருவர் தலையிலேயே சூட்டிவிட வேண்டியதில்லை. ஆட்சிக் குழுவும் கல்விக் குழுவும் ஒப்பாமல் எந்தத் துணைவேந்தரும் எதையும் நடத்திவிட முடியாது. உலகிலே இது புதிதுமல்ல. இலண்டன் பல்கலைக் கழகம் 1858 முதலே வெளி மாணவருக்குத் தேர்வு நடத்தியது. இந்தியாவிலே டெல்லிப் பல்கலைக் கழகம் 1962 இல் இதைச் சோதனையாகத் தொடங்கிற்று. பிரிட்டனிலே திறந்த பல்கலைக் கழகம் முதல் மாணவரை ஏற்றதும் 1971 இலேதான். ஆனால் தமிழ்நாட்டிலே மதுரைதான் முதல். அண்ணாமலைப் பல்கலைக் கழகம் இதிலே இறங்க 1979 ஆயிற்று, சென்னைக்கு 1981.

இத்தகைய சோதனை கிளம்பும் இடமெல்லாம் கேலியும் கூடவே கிளம்பும். தபாலிலே நீச்சல் கற்க முடியுமா, மணியார்டர் அனுப்பினால் பட்டம் வருமா என்று! கேலியை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், கேள்வி ஒன்று மிஞ்சத்தான் செய்யும்: ஆசிரியர் முகம் பாராமல் படித்தவன், படித்தவனா? அதற்கு விடை, வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதிலே இருக்கிறது. வகுப்பிலே வாயால் சொல்வதை அப்படியே அச்சடித்து அனுப்பினால் போதாது. மாணவன் எந்த வரியிலே திணறுவான், எந்த இடத்திலே எதிர்க்கேள்வி போடுவான் என்று முன்கூட்டியே உணர்ந்து எழுத வேண்டும். அவன் எழுதி அனுப்பும் விடைகளைத் திருத்தி, காலத்திலே திருப்ப வேண்டும். விடுமுறையிலே நேர்முக வகுப்பு நடத்த வேண்டும். தேர்விலே சலுகை காட்டக் கூடாது. பேராசிரியருக்கு இது புது வேலை. அலுவலகத்துக்கோ அதைவிடப் புது வேலை. உறையிலே முகவரி ஒன்று தவறினால் ஒரு மாணவனுக்கு ஒரு மாதப் பாடம் போயிற்று! எளிய தமிழிலே நூல் நூலாக எழுதித் தேர்ந்த ஒருவர் தலைமையிலே இருந்தது இந்தச் சோதனைக்கு வாய்த்த நல்வினை என்றே நாம் கருதுகிறோம்.

பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கொண்டு மேடையேறியவர்கள் நம்மிலே ஏராளம். ஆகவே இந்த விஷயத்திலே நாம் நடுநிலையாளர் அல்லர். அதை மறைப்பானேன்?

மு.வ. மதுரையிலே இருந்தது நான்கு ஆண்டுகூட இல்லை. 1972 இல் அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரி டி.லிட். பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1974 அக்டோபர் 10 ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே காலமானார். வயது அறுபத்திரண்டுதான்.

அவருக்குப் பின் கதை நீண்டது. பல்கலைக் கழகம் 1978 இல் காமராசர் பெயர் தாங்கியது. வா.செ. குழந்தைசாமி துணைவேந்தராக இருந்த காலத்தையொட்டி, பள்ளிச் சான்றிதழே இல்லாதவரும் சேரலாம் என்ற திறந்தநிலை முறையும் மதுரையிலே வந்தது. பின்னாளிலே நாட்டின் பல பல்கலைக் கழகங்கள் இந்த வழியைச் சுருக்கு வழியாக்கின. இளங்கலை படிக்காதவருக்கே முதுகலைப் பட்டம் தந்தன. அது செல்லாது என்று 2009 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடி விழுந்தது நிறுவனத்தின் மீதா? இல்லை – கட்டணம் கட்டி, கண் விழித்துப் படித்து, அந்தப் பட்டத்தை நம்பி வேலைக்கு மனுப் போட்டவன் மீது!

மற்றொன்றும் நடந்தது. சோதனையாகத் தொடங்கியது வருமானமாக மாறிற்று. எத்தனை பேர் கற்றார்கள் என்ற கேள்வி பின்னே போய், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு முன்னே வந்தது. தொலைநிலைக் கல்விக்குப் பல்கலைக் கழக மானியக் குழு எல்லைக் கோடு கிழித்ததும் அந்த வருவாய் வற்றியது. 2024 ஆம் ஆண்டு, நாகமலை அடிவாரத்திலே பேராசிரியரும் ஊழியரும் மாதச் சம்பளத்துக்காகப் போராடும் நிலை வந்தது. காரணங்கள் பல, தொலைநிலைக் கல்வி வருவாய் குறைந்ததும் அவற்றில் ஒன்று. தபால் பையிலே பாடம் அனுப்பத் தொடங்கிய நாளிலே, அந்தப் பையிலிருந்தே பல்கலைக் கழகத்தின் அரிசிச் செலவும் வர வேண்டியிருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?