குமிழ்களைத் திருப்பிக் கற்ற இயந்திரம்

செயற்கை நரம்பு வலைப்பின்னலைத் தொடக்கநிலை மாணவருக்கு எங்கிருந்து கற்பிப்பது? சமன்பாட்டிலிருந்து என்பதே நம் கல்லூரிகளின் வழக்கம். பொருளியல் வகுப்பில் நானும் சமன்பாடுகளையே முதலில் கரும்பலகையில் எழுதினேன்; மாணவர்கள் மனனம் செய்தனர். பிராங்க் ரோசன்பிளாட்டின் வாழ்க்கையை அறிந்த பிறகு, அந்த வரிசை தவறென உணர்கிறேன்.

1928 ஜூலை 11 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ரோசன்பிளாட், கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மூளை எவ்வாறு கற்கிறது என்பதே அவருடைய கேள்வி. 1958இல் அவரது 'பெர்செப்ட்ரான்' ஐபிஎம் 704 கணினியில் இயக்கிக் காட்டப்பட்டது. இடப்பக்கம் குறியிட்ட அட்டைகளையும் வலப்பக்கம் குறியிட்டவற்றையும் வேறுபடுத்த, 50 முயற்சிகளில் அது தானே கற்றுக்கொண்டது. அடுத்து உருவான 'மார்க் 1' இயந்திரத்துக்கு 400 ஒளி மின்கலங்களே கண். விடை பிழையானால், சிறு மின்மோட்டார்கள் மின்தடைக் குமிழ்களைத் திருப்பி எடைகளை மாற்றும். பிழை திருத்தமே கற்றல் என்பதை அந்த இயந்திரம் கண்முன் காட்டியது.

அது நடக்கும், பேசும், தன்னுணர்வும் பெறும் என்று செய்தித்தாள்களில் எதிர்பார்ப்பு பெருகியது. 1969இல் மார்வின் மின்ஸ்கியும் சேமர் பேப்பர்ட்டும் எழுதிய நூல் அதன் எல்லைகளைக் கணித வழியில் நிறுவியது. எளிய எடுத்துக்காட்டு: சதுரத்தின் ஒரு சோடி எதிர்மூலைகள் நீலம், மறு சோடி ஆரஞ்சு எனில், இரு நிறங்களையும் ஒரே நேர்கோட்டால் பிரிக்க இயலாது, ஒற்றை அடுக்கு வலைப்பின்னலுக்கும் அது இயலாது. பல அடுக்குகளைப் பற்றி ரோசன்பிளாட் 1962லேயே எழுதியிருந்தார்; அவற்றைப் பயிற்றுவிக்கும் திறமான வழிதான் வசப்படவில்லை. 1971இல், தம் 43ஆவது பிறந்தநாளில், செசபீக் விரிகுடாவில் நேர்ந்த படகு விபத்தில் மறைந்தார். பிழையைப் பின்னோக்கிப் பரப்பிப் பல அடுக்குகளைப் பயிற்றுவிக்கும் முறை 1986க்குப் பின் பரவலானபோது, காண அவர் இல்லை.

இவ்வரலாற்றை இன்றைய மாணவர் சில நிமிடங்களில் தாமே நிகழ்த்திப் பார்க்கலாம். இணைய உலாவியில் இயங்கும் 'டென்சர்ஃப்ளோ பிளேகிரவுண்ட்' கருவியில் அதே எதிர்மூலைப் புள்ளிகளைத் தேர்ந்து, இடை அடுக்கு இன்றி இயக்கினால் வலைப்பின்னல் தோற்கும். ஓர் அடுக்கும் சில நியூரான்களும் சேர்த்தால் வெல்லும்.

கணிதம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஏன் தோற்றது என்ற கேள்வி எழுந்த பின் வரும் சமன்பாடே மனத்தில் தங்கும். இயந்திரத்தின் எல்லையைத் தம் கண்ணால் கண்ட மாணவர், பெருவிளம்பரங்களில் எளிதில் மயங்கவும் மாட்டார். முதல் வகுப்பு குமிழைத் திருப்புவதிலிருந்தே தொடங்கட்டும்.