ஷார்க்கோ என்னும் வைத்தியப் பேரறிஞர்

நரம்பு நோய் நூல்களைப் பயிலும் வைத்திய மாணாக்கர் ஷார்க்கோவின் பெயரை அறியாதிருத்தல் அரிது. ஏனையோர் அப்பெயரைக் கேட்டிருப்பினும், மனோவசியக் காட்சி நடத்திய பிரெஞ்சுக்காரர் என்ற அளவிலேயே கேட்டிருத்தல் கூடும். அவர் கண்டு கூறிய மெய் ஒன்று, கூறியவர் புகழ் ஓங்கி நின்றபோதும், நூறாண்டுக்கு மேலாகப் பெரிதும் கேட்பாரின்றிக் கிடந்தது. அதனை முன்னிட்டே அவர் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ழான் மார்த்தேன் ஷார்க்கோ 1825-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் குதிரை வண்டி செய்யும் தொழிலினர். மக்கள் நால்வருள் ஒருவனையே மேற்படிப்புக்கு அனுப்ப இயலுமென்று கண்ட அவர், பள்ளியில் முதன்மை பெறுபவனுக்கே அவ்வாய்ப்பு என்று விதித்தாரென்பர். ஷார்க்கோ மிகுதியாகப் பேசார். ஆனால் சித்திரம் எழுதுவதில் வல்லவர். உருவத்தைக் கூர்ந்து நோக்கும் அக்கண்ணே பின்னாளில் நோயாளரிடத்துப் பயன்பட்டது.

1853-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், 1862-இல் ஸால்பெத்ரியேர் மருத்துவசாலையின் தலைமை வைத்தியருள் ஒருவரானார். முன்னாளில் வெடிமருந்துச் சாலையாயிருந்த அவ்விடம் அக்காலத்தே ஏழைப் பெண்டிர்க்குப் புகலிடம். ஏறத்தாழ 5,000 பேர் அங்கே உறைந்தனர். பலர் குணமாகார் என்று கைவிடப்பட்டவர். பெரும் பதவி நாடும் வைத்தியர் அதனை விரும்பவில்லை. ஷார்க்கோவோ தம் தோழர் வுல்பியானுடன் கட்டில் கட்டிலாகச் சென்று ஒவ்வொருவரையும் பார்த்துக் குறிப்பு எழுதினார். அவர்களுள் ஒருவர் இறந்தால், மூளையையும் தண்டுவடத்தையும் சோதித்துப் பழைய குறிப்போடு ஒப்பிட்டார். அதுவே அவர் முறை.

இம்முறையால் 1868-இல் அவர் தெளிவாக்கிய நோயே இன்று மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் எனப்படுவது. அதனை விளக்க நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் சென்றால் மோட்டார் வண்டி செய்யும் சாலைகள் உள. ஒவ்வொரு வண்டியினுள்ளும் கம்பிக் கற்றைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் உறை உண்டு. நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய படையே இவ்வுறையைத் தாக்கி ஆங்காங்கே சிதைக்க, அவ்விடங்கள் தழும்பாக இறுகுகின்றன. செய்தி தாமதித்துச் செல்லும். சிலவிடத்துச் செல்லாமலும் போம். பின்னர் இழைகளே அழிதலும் உண்டு.

அத்தழும்புகளை குருவெய்லியே, கார்ஸ்வெல் என்பார் முப்பதாண்டுக்கு முன்னரே படமாக எழுதியிருந்தனர். உயிரோடிருக்கும்போது அந்நோயை இனங்காண்பது எவ்வாறு என்பதே ஷார்க்கோ காட்டியது. பார்க்கின்ஸன் நோயில் கை சும்மா இருக்கையில் நடுங்கும். இந்நோயில் ஒரு பொருளை எடுக்க நீளும்போது நடுங்கும். அவர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்திக்கு இத்தகைய நடுக்கம் இருந்தது. அவள் உடைத்த பீங்கான் தட்டுகளுக்குப் பெரும்பொருள் செலவாயிற்றாம். எனினும் அவளை அவர் நீக்கவில்லை. அவள் இறந்தபின் செய்த சோதனையில் தழும்புகள் காணப்பட்டன. இதனை எழுதிவைத்தவர் அவர் மாணவர் பிராய்டு. இரக்கமோ, ஆராய்ச்சி வேட்கையோ? இரண்டுமாகலாம் என்பதே எம் கருத்து.

நடுக்கத்தோடு அவர் நிற்கவில்லை. இந்நோயாளரிற் பலருக்கு நினைவாற்றல் குன்றுகிறது, கருத்து உருவாகத் தாமதமாகிறது, அறிவும் உணர்ச்சியும் மழுங்குகின்றன என்றும் தம் விரிவுரையில் குறித்தார்.

1882-இல் அவருக்காகவே நரம்பு நோய்ப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. உலகில் அத்தகையவற்றுள் அது முதலாவது என்பர். ஆயின் அவர் புகழ் ஹிஸ்டீரியா, மனோவசியம் ஆகியவற்றின்பாற் சென்றது. சபை நடுவே அவர் காட்டிய காட்சிகளுள் பல, நோயாளர் அவர் எதிர்பார்த்தவாறே நடந்துகொண்டமையால் நேர்ந்தவை என்று பின்வந்தோர் கண்டனர். அக்கண்டனம் நியாயமானதே. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், பயணத்திடையே செத்தோன் ஏரிக்கரையில், தம் 67-ஆம் வயதில் காலமானார்.

இது நிற்க. அறிவு மந்தமாதல் பற்றி அவர் கூறியது என்னாயிற்று? நோயாளர் நடையும் பார்வையும் ஆராயப்பட்டன, சிந்தனை ஆராயப்படவில்லை. 1926-இல் லண்டனில் 100 நோயாளரை ஆராய்ந்த காட்ரெல், வில்ஸன் என்னும் வைத்தியர் இருவர், அறிவுக் குறைவு மிக அரிது என்றே முடித்தனர். 1991-இல் அமெரிக்காவில் ராவ் முதலியோர் 100 நோயாளரை நோயற்ற 100 பேரோடு ஒப்பிட்டு, முறைப்படி சோதித்தபோது, 43 விழுக்காட்டினரிடம் குறை காணப்பட்டது.

இத்தனை காலம் மறைந்திருந்தமைக்குக் காரணம் அக்குறையின் இயல்பே. சொல்வளம் பெரும்பாலும் கெடுவதில்லை. கற்ற பொதுவறிவும் அவ்வாறே. கால்மணி நேரம் உரையாடுபவர் ஒன்றும் உணரார். குன்றுவது வேகம்: கேட்டதை வாங்கி, முன்னறிந்ததோடு பொருத்தி, விடை கூறும் வேகம். இருவர் ஒருங்கே பேசினாலும், செய்து கொண்டிருக்கும் வேலையினின்று வேறொன்றுக்கு மாறினாலும் மனம் பின்தங்கும். புதிதாய்க் கற்பதற்குக் கூடுதல் முறை வேண்டும். கைகால் நன்றாயிருப்பவரிடத்தும் இது காணப்படும். அயர்வும் மனச்சோர்வும் இதனை மிகுவிக்கும்.

இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தொடங்குவது, பெண்டிர்க்கே மிகுதி. அஃதாவது நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போர் வயதும், ஒரகடத்துச் சாலைகளில் மணித்துளி கணக்கிட்டு வேலை செய்வோர் வயதும் அதுவே. நடுங்கும் கையைக் கண்டால் எவரும் நோயென்பர். கணக்கைப் பிழையின்றிப் போட்டும் மணியடிப்பதற்குள் முடிக்காதவனையோ, சோம்பன் என்பர். ஈதறியாத ஆசிரியரும் அவ்வாறே கூறுவர். அவனும் தன்னை அங்ஙனமே எண்ணிக்கொள்வான்.

இந்திய நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிக்கும் 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்று. புதிய தழும்புகளைக் குறைக்கும் மருந்துகள் உள. குன்றிய சிந்தனை வேகத்தை உறுதியாக மீட்பதென்று நிறுவப்பட்ட மருந்து இல்லை, பயிற்சியால் சிலர்க்கு ஓரளவு பயனுண்டு. அடையாளக் குறிகளுக்குரிய எண்களை 90 விநாடியில் இயன்ற மட்டும் கூறச்செய்யும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நோய் கண்டவுடனும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் இத்தகைய சோதனை செய்ய வேண்டுமென்று வைத்தியர் குழுவொன்று 2018-இல் பரிந்துரைத்தது. ஷார்க்கோ அதனைக் குறித்த ஆண்டிலிருந்து எண்ணினால் 150 ஆண்டு கழித்து.