சர்ச்சிலும் கறுப்பு நாயும்

வாயில் சுருட்டு. உயர்த்திய இரண்டு விரல்கள். சர்ச்சில் என்றதும் இந்த உருவம்தான் கண் முன் நிற்கும். ஹிட்லருக்கு அஞ்சாமல் நின்றவர் அவர். இந்தியாவுக்குச் சுதந்திரம் கூடாது என்று நெடுங்காலம் வாதாடியவரும் அவரே. நமக்கு அவர் மேல் அன்பு இருக்க நியாயம் இல்லை.

ஆனால், அந்த முரட்டு மனிதரும் ஒரு சமயம் மனம் உடைந்து கிடந்தார். துக்கத்தாலேயே இவர் இறந்துவிடுவாரோ என்று அவருடைய மனைவி பயந்தார். அது நடந்தது 1915-ம் ஆண்டில்.

பதவி போயிற்று

அப்பொழுது முதலாவது உலக யுத்தம். சர்ச்சிலுக்கு வயது 40. பிரிட்டனின் கடற்படை மந்திரி. ஜெர்மனிக்குத் துணை நின்ற துருக்கியைக் கப்பல்களை அனுப்பி மடக்கிவிடலாம் என்று அவர் மும்முரமாக வாதாடினார். மார்ச் மாதம் டார்டனெல்ஸ் ஜலசந்தியில் கப்பல்கள் புகுந்தன. கடலில் இருந்த கண்ணி வெடிகளில் மோதின. ஒரே நாளில் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின.

பிறகு ஏப்ரலில் கலிபோலி கரையில் படைகள் இறங்கின. நம் நாட்டுச் சிப்பாய்களும் அங்கே போரிட்டார்கள். அந்தச் சண்டை முடிவதற்குள் இரு பக்கத்திலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள்.

பழி சர்ச்சில் தலையில் விழுந்தது. குற்றம் அவர் ஒருவருடையது அல்ல. இருந்தாலும் மே மாதம் கடற்படை மந்திரி பதவி பறிபோயிற்று. பெயருக்கு ஒரு சின்ன மந்திரி வேலை கொடுத்தார்கள். யுத்தச் செய்தி எல்லாம் காதில் விழும். எதையும் செய்ய அதிகாரம் கிடையாது. அவருடைய தம்பியோ அந்தக் கலிபோலியில்தான் ராணுவ அதிகாரியாக இருந்தார். இரவு தூக்கம் எப்படி வரும்?

சர்ச்சிலுக்கு மனச்சோர்வு புதிது அல்ல. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் கறுப்பு நாய். 1911-ல் மனைவிக்கு எழுதிய கடிதத்திலேயே அந்த நாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதை நோய் என்றே சொல்லலாமா என்பதில் டாக்டர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. நாய் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும் என்பது மட்டும் நிச்சயம்.

குழந்தையின் வர்ணப் பெட்டி

அந்தக் கோடையில் குடும்பம் சர்ரே ஜில்லாவில் ஹோ பண்ணை என்ற கிராமத்து வீட்டில் தங்கியது. சர்ச்சிலின் தம்பி மனைவி தோட்டத்தில் உட்கார்ந்து படம் எழுதுவது வழக்கம். ஒருநாள் சர்ச்சில் அங்கே நின்று பார்த்தார். நீங்களும் எழுதிப் பாருங்கள் என்று அந்த அம்மாள் குழந்தைகளின் வர்ணப் பெட்டியை அவர் கையில் கொடுத்தார். நாற்பது வயது மந்திரி, குழந்தையைப் போல் தூரிகையைப் பிடித்தார்.

ஆசை பிறந்துவிட்டது. எண்ணெய் வர்ணங்களும் கித்தானும் வாங்கினார். ஆனால் வெள்ளைக் கித்தானைக் கண்டதும் கை நடுங்கிற்று. போர்க்கப்பல்களை ஏவிய கைதான்! அவரை விதை அளவுக்கு நீல வர்ணத்தை ஒரு மூலையில் ஒற்றிவிட்டு, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

அப்பொழுது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர், பிரபல ஓவியர் லாவரியின் மனைவி ஹேசல். அவரும் ஓவியரே. பெரிய தூரிகையை வாங்கினார், வர்ணத்தில் தோய்த்தார், கித்தான்மேல் பளார் பளார் என்று இழுத்தார். கித்தான் திருப்பி அடிக்கவில்லை! சர்ச்சிலின் பயம் அன்றோடு போயிற்று.

படம் எழுதினால் துக்கம் ஏன் குறைகிறது? இலையின் பச்சை எத்தனை விதம், நிழல் எந்தப் பக்கம் என்று கண் தேடுகிறது. கை அதன் பின்னால் ஓடுகிறது. பழைய கவலையை மென்றுகொண்டிருக்க மனதுக்கு நேரம் இல்லை. ஓயாமல் பேசும் சர்ச்சில், தூரிகை எடுத்தால் மணிக்கணக்கில் வாய் திறக்கமாட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் ராஜினாமா செய்துவிட்டுப் போர்முனைக்குப் போனார். பெல்ஜியத்தில் குண்டுகள் விழும் இடத்திலும் படம் எழுதினார்.

அதைவிடப் பெரிய அடி 1921-ல் விழுந்தது. ஜூன் மாதம் தாயார் இறந்தார். ஆகஸ்டில் மேரிகோல்ட் என்ற செல்லக் குழந்தை தொண்டை நோயால் இறந்தது. மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த மாதம் சர்ச்சில் ஸ்காட்லாந்தில், ஆற்றங்கரையில், கித்தானை நிறுத்திவைத்துப் படம் எழுதிக்கொண்டிருந்தார். குழந்தையை மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பெற்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது உலக யுத்தம் முழுவதிலும் அவர் எழுதியது ஒரே படம். 1943 ஜனவரியில், மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரின் மசூதிக் கோபுரத்தை எழுதி ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசளித்தார். அந்தப் படம் 2021-ல் 80 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. அதே 1943-ல்தான் வங்காளப் பஞ்சத்தில் நம் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். அதை எந்த வர்ணம் பூசியும் மறைக்க முடியாது.

1945 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. யுத்தத்தை வென்று கொடுத்தவர் பதவி இழந்தார். உடனே இத்தாலியில் கோமோ ஏரிக்குப் போய், மறுபடியும் தூரிகையைப் பிடித்தார்.

டாக்டர்கள் கண்ட வழி

சர்ச்சில் தாமாகக் கண்டுபிடித்ததை மற்றொருவர் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938-ல் க்ஷயரோகத்துக்காகச் சிகிச்சை பெற்றார். படுக்கையில் இருந்தபடியே படம் எழுதினார். பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் எழுதவைத்தார். ஓவியச் சிகிச்சை என்ற பெயரை 1942-ல் சூட்டியவர் அவரே.

இன்று மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இது பல நாடுகளில் நடக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருப்பார். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வாயால் சொல்ல முடியாதது கோடாக வந்தால் போதும். இதற்காக டாக்டரின் மருந்தை நிறுத்தக்கூடாது.

சர்ச்சிலின் நாய் அடியோடு ஓடிப்போகவில்லை. கிழவரான பிறகு நெடுநேரம் பேசாமல் கணப்பின் முன் உட்கார்ந்திருப்பார். தூரிகையும் நழுவியது. அதற்குள் 500-க்கும் மேற்பட்ட படங்களை எழுதியிருந்தார். கடைசிப் படம், தம் வீட்டுத் தோட்டத்துத் தங்க மீன் குளம். அதைத் தம் மெய்க்காவலருக்குக் கொடுத்துவிட்டார். 1965 ஜனவரி 24-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.