பிரைட்டனில் ஒரு பொய், வென்ட்னரில் ஒரு நடுக்கம்: மாணவர் காந்தியின் பட்ஜெட் கடற்கரைப் பயணங்கள்

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையில் ரூம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேங்கிக்கால்வாசிகளுக்குச் சொல்லவே வேண்டாம். லாட்ஜ் நிறைந்துவிட்டால், வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி வாடகைக்கு விடுபவர்களைத் தேட வேண்டியதுதான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் ஏறக்குறைய இந்த மாடலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே கிரிவலத்துக்குப் பதில் கடல்காற்று. அந்த வாடகை அறைகளில் தங்கி, பைசா பைசாவாகக் கணக்கெழுதிய ஒரு மாணவர், பிற்காலத்தில் 1934 பிப்ரவரியில் திருவண்ணாமலைக்கும் வந்தார், ஹரிஜன நிதி திரட்ட. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

காந்தியின் லண்டன் படிப்பு பற்றி எல்லோருக்கும் தெரியும். லீவு நாட்களில் அவர் எங்கே போனார் என்பதைத்தான் பாடப் புத்தகம் சொல்வதில்லை.

கடன், சபதம், ஜாதி விலக்கு

1888 செப்டம்பர் 4. பம்பாயில் கப்பல் ஏறியபோது காந்திக்கு இன்னும் 19 வயதுகூட நிறையவில்லை. வீட்டில் மனைவி கஸ்தூரிபாய், கைக்குழந்தை ஹரிலால். செலவுக்குப் பணம் புரட்டியது அண்ணன். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். கடல் தாண்டக் கூடாது என்று பம்பாயில் இருந்த ஜாதிக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைத் தள்ளிவைத்தார்கள். அவருக்கு உதவுபவர்களுக்கும் துறைமுகத்துக்கு வந்து வழியனுப்புபவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம்!

போய் இறங்கிய புதிதில் காந்தி சிக்கனக்காரரெல்லாம் இல்லை. வெள்ளை ஃபிளானல் சூட்டில் இறங்கி, சுற்றிலும் வேறு யாரும் அப்படி உடுத்தவில்லை என்று கூசிப்போனார். அதன்பிறகு ஜென்டில்மேன் ஆகும் வெறி பிடித்துக்கொண்டது. 19 ஷில்லிங்குக்கு ஒரு தொப்பி. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட். டான்ஸ் கிளாஸுக்கு 3 பவுண்டு, வயலினுக்கு 3 பவுண்டு. (அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) சுமார் மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. தாளத்துக்குக் கால் ஒத்துழைக்கவே இல்லை.

மெனு கார்டில் மாட்டிக்கொண்டவர்

பிரைட்டனுக்கு அவர் போனது இந்த முதல் வருடத்தில்தான். லண்டனிலிருந்து நேராகத் தெற்கே போனால் வரும் கடற்கரை ஊர் அது. 1841-லேயே ரயில் வந்துவிட்டது. 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்த பிறகு சாதாரண லண்டன்வாசியும் ஒரு நாள் டிரிப்பாகக் கடல் பார்க்கக் கிளம்பினார். இன்று பிரைட்டன் என்றதும் இன்ஸ்டாவில் வரும் பேலஸ் பியர் அப்போது கிடையாது, அது 1899-ல்தான் திறக்கப்பட்டது. காந்தி காலத்துப் பியர்களில் ஒன்று 1866-ல் திறந்த வெஸ்ட் பியர். 2003-ல் எரிந்துபோய், அதன் இரும்புக்கூடு மட்டும் கடலுக்குள் நிற்கிறது. 1883-ல் ஓடத் தொடங்கிய கடற்கரை மின்சார ரயில் இன்னமும் ஓடுகிறது.

ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தார் காந்தி. மெனு முழுக்க பிரெஞ்சு. எதில் கறி இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியவில்லை. அம்மாவிடம் செய்த சத்தியம் வேறு. அவர் விழிப்பதைப் பார்த்து அதே மேஜையில் இருந்த வயதான விதவை ஒருவர் உதவிக்கு வந்தார். ரொம்ப வசதியானவர் இல்லை, ஆனால் அன்பானவர். அந்தப் பழக்கம் லண்டனிலும் தொடர்ந்தது. ஞாயிறுதோறும் அவர் வீட்டில் சாப்பாடு. கூச்ச சுபாவம் போகட்டும் என்று அந்த அம்மா இளம்பெண்களை அறிமுகப்படுத்திவைத்தார். அதில் ஒரு பெண் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தவர். பல நாள் இருவரையும் பேசவிட்டு அவர் நைசாக நகர்ந்துவிடுவார்.

இங்கேதான் சிக்கல். காந்தி தனக்குக் கல்யாணமான விஷயத்தைச் சொல்லவே இல்லை. அவர் மட்டுமல்ல, அங்கே படித்த இந்திய மாணவர்கள் பலரும் அப்படித்தான். இங்கிலாந்தில் மாணவர் என்றால் கல்யாணம் ஆகாதவர். 13 வயதில் தாலி கட்டியதைச் சொல்ல வெட்கம். இன்னொரு காரணமும் உண்டு: கல்யாணமானவர் என்று தெரிந்தால் இளம்பெண்களோடு வெளியே போகவும் சிரித்துப் பேசவும் வாய்ப்புக் கிடைக்காது. இரண்டாவது காரணத்தையும் பின்னாளில் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதிவிட்டார்.

அந்த அம்மாவின் மனதில் கல்யாணத் திட்டம் ஓடுகிறதோ என்ற சந்தேகம் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அடித்துத் திருத்தி ஒரு கடிதம் எழுதினார். சின்ன வயதிலேயே கல்யாணமாகிவிட்டது, ஒரு பையனும் இருக்கிறான், மறைத்தது தப்பு என்று. நட்பு இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார். வந்த பதிலில் கோபமே இல்லை. பெண்கள் இருவரும் விஷயத்தைச் சிரித்து ரசித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வரச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவர் தன் கல்யாணத்தை யாரிடமும் மறைக்கவில்லை. ஊரில் குழந்தையோடு காத்திருந்த கஸ்தூரிபாய்க்கு இந்தச் செய்தி எப்போது தெரிந்திருக்கும்?

நாளுக்கு ஒன்றேகால் ஷில்லிங்

இதற்கிடையே அண்ணன் அனுப்பும் பணம் உறுத்தத் தொடங்கியது. பஸ் காசு, தபால் தலை, பேப்பர் காசு எல்லாம் நோட்டில் ஏறியது. இரவு படுக்கும் முன் கணக்கு டேலி ஆக வேண்டும். குடும்பத்தோடு தங்குவதை விட்டு இரண்டு அறைக்கு மாறினார், பிறகு ஒரே அறை. பஸ்ஸை விட்டுவிட்டு தினமும் 8 முதல் 10 மைல் நடை. காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் அறையிலேயே, மதியம் வெளியே, இரவு ரொட்டியும் கோகோவும். சாப்பாட்டுச் செலவு நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு இறங்கியது.

இந்த நடைதான் வென்ட்னரிலும் கைகொடுத்தது, பாதி தூரத்துக்கு மட்டும். ஐல் ஆஃப் வைட் தீவின் தென்கரையில், மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த ஊர் வென்ட்னர். இதமான காற்றுக்காக நோயாளிகள் தேடிவந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன்பு காரல் மார்க்ஸும் அங்கே வந்து தங்கியிருந்தார். காந்தி தங்கிய வீட்டுக்காரம்மாவின் மகள் அவரைக் குன்றுக்கு அழைத்துப்போனார். வேக நடைக்காரரான காந்தி பின்தங்கிவிட்டார். இறங்கும்போது அந்தப் பெண் ஹை ஹீல்ஸ் பூட்ஸோடு சரசரவென்று இறங்கிவிட, இவர் தட்டுத்தடுமாறி, இடையிடையே தவழ்ந்து, ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தார்.

அதே ஊரில் இன்னொரு சோதனை. சைவ உணவு பற்றி நூல் எழுதிய ஹோவர்டு வில்லியம்ஸ் அங்கேதான் வசித்தார். சைவ உணவுக் கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. காந்தி உரையை எழுதியே எடுத்துப் போனார், ஒரே ஒரு தாள்தான். எழுந்து நின்றதும் கண் இருட்டி, கை நடுங்கியது. வாசிக்க முடியவில்லை. உடன் வந்த மஜும்தார்தான் வாசித்துமுடித்தார். கைதட்டல் மஜும்தாருக்கு, வெட்கம் காந்திக்கு.

மிக மோசமான அனுபவம் போர்ட்ஸ்மவுத்தில். இங்கிலாந்து வாசத்தின் கடைசிக் கட்டம் அது. அங்கேயும் சைவ உணவு மாநாட்டுக்குத்தான் போனார், ஓர் இந்திய நண்பரோடு. கடற்படை ஊர். ஏற்பாட்டாளர்களுக்கே தெரியாமல் இருவரையும் தங்கவைத்தது சரியில்லாத ஒரு வீடு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாட்டம், வீட்டுக்காரப் பெண்ணும் சேர்ந்துகொள்ள, பேச்சு எல்லை மீறியது. நண்பர் அதட்டி எழுப்பியிராவிட்டால் அம்மாவிடம் செய்த சத்தியம் அன்றே முறிந்திருக்கும். நடுங்கிக்கொண்டே அறைக்கு ஓடினார். அடுத்த நாள் மாலையே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் பட்டம், 12-ல் கப்பல். தென்னாப்பிரிக்கா போன பிறகு, லண்டனில் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். வாரத்துக்கு ஒரு பவுண்டில் வாழ முடியும் என்பதை என்ன உடை, என்ன சாப்பாடு, என்ன வாடகை என்று உருப்படி உருப்படியாகக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். இன்றைக்கு வெளிநாட்டுப் படிப்பு பற்றி வரும் யூடியூப் வீடியோக்களின் தாத்தா என்றே சொல்லலாம். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவருடைய எழுத்துகளின் முழுத் தொகுப்பில், முதல் தொகுதியில் இருக்கிறது.

1931 செப்டம்பர் 12-ல் இங்கிலாந்தின் இன்னொரு கடற்கரை ஊரான ஃபோக்ஸ்டனில் மழையில் வந்திறங்கினார். இம்முறை வட்டமேஜை மாநாட்டுக்கு. லண்டனில் அவர் தங்கியது ஹோட்டலில் இல்லை, கிழக்கு லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில், கிங்ஸ்லி ஹாலின் மாடியில் இருந்த ஒரு சின்ன அறையில்.