சார்ல்ஸ் பியர்சன்

சார்ல்ஸ் பியர்சன் (அக்டோபர் 4, 1793 - செப்டம்பர் 14, 1862) இங்கிலாந்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். உலகின் முதல் நிலத்தடித் தொடருந்துப் பாதையான மெட்ரோபொலிட்டன் இரயில்வே இலண்டனில் உருவாவதற்கு முதன்மைக் காரணமாக இருந்தவர். எனினும், அப்பாதை திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்னரே இறந்தார்.

வாழ்க்கை

பியர்சன் இலண்டனின் வணிக மையமான சிட்டி பகுதியில் பிறந்தார். இவரது தந்தை மெத்தை, இருக்கை உறைகள் செய்யும் தொழிலும் இறகு வணிகமும் செய்து வந்தார். சட்டம் பயின்ற பியர்சன் 1839 முதல் இறக்கும் வரை சிட்டி மாநகராட்சியின் சட்ட அலுவலராகப் பணியாற்றினார். 1847 முதல் 1850 வரை லாம்பெத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

சமயப் பாகுபாட்டை இவர் எதிர்த்தார். 1666 ஆம் ஆண்டின் பெருந்தீக்குக் கத்தோலிக்கர்களே காரணம் எனக் குற்றஞ்சாட்டிய வாசகம் தீ நினைவுத்தூணிலிருந்து 1830 இல் நீக்கப்பட்டதில் இவருக்குப் பங்குண்டு. சிட்டியில் யூதர்கள் தரகர்களாகத் தொழில் செய்யும் உரிமைக்காகவும் பாடுபட்டார்.

நிலத்தடித் தொடருந்துத் திட்டம்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனின் தொடருந்து நிலையங்கள் பெரும்பாலும் நகர மையத்திற்கு வெளியே இருந்தன. மையத்தின் சாலைகளில் குதிரை வண்டிகள் நெருக்கியடித்தன. தொழிலாளர்களோ வேலையிடத்திற்கு நடந்து செல்லும் தொலைவிலேயே, நெரிசல் மிக்க குடியிருப்புகளில் வாழ வேண்டியிருந்தது. குறைந்த கட்டணத்தில் தொடருந்து இருந்தால் அவர்கள் புறநகரில் நல்ல வீடுகளில் வாழ முடியும் என்பது பியர்சனின் வாதம்.

1845 இல், ஃபிளீட் பள்ளத்தாக்கு வழியாக ஃபாரிங்டன் வரை, அழுத்தப்பட்ட காற்றினால் வண்டிகளைத் தள்ளும் சுரங்கப்பாதை ஒன்றை இவர் முன்மொழிந்தார். 1846 இல் ஃபாரிங்டனில் மைய நிலையம் அமைக்கும் இவரது திட்டத்தை அரச ஆணைக்குழு ஏற்கவில்லை. பின்னர், இலண்டனுக்குள் வரும் போக்குவரத்தைக் கணக்கெடுத்து, அதனை நாடாளுமன்றக் குழுவிடம் சான்றாக அளித்தார்.

1854 இல் மெட்ரோபொலிட்டன் இரயில்வேக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. ஆனால் கிரிமியப் போர்க் காலத்தில் முதலீடு கிடைப்பது கடினமாக இருந்தது. பியர்சன் இந்நிறுவனத்தின் இயக்குநரல்லர். ஆயினும் இவரது முயற்சியால் மாநகராட்சி 200,000 பவுண்டு மதிப்புள்ள பங்குகளை வாங்கியது.

கட்டுமானமும் திறப்பும்

1860 இல் பணிகள் தொடங்கின. பொறியாளர் ஜான் ஃபவுலரின் தலைமையில் சாலையைத் தோண்டி, சுவரெழுப்பி, மேலே வளைவுக்கூரை அமைத்து மீண்டும் மூடும் முறை பெரிதும் பின்பற்றப்பட்டது. 1862 சூனில் ஃபிளீட் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து பாதைக்குள் வெள்ளம் புகுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பியர்சன் நீர்க்கோவை நோயால் காலமானார்.

பாடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரையான, ஏறத்தாழ 6 கி.மீ. நீளமுடைய பாதை 1863 சனவரி 10 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எரிவாயு விளக்குகள் பொருத்திய மரப்பெட்டிகளை நீராவி எந்திரங்கள் இழுத்தன. முதல் நாளில் சுமார் 38,000 பேர் பயணம் செய்தனர்.

தாக்கம்

நிறுவனம் அளிக்க முன்வந்த வெகுமதியைப் பியர்சன் ஏற்கவில்லை. திறப்புக்குப் பின்னர் இவரது மனைவிக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்கப்பட்டது.

கட்டுமானத்தின்போது ஃபிளீட் பள்ளத்தாக்கில் ஏழைகளின் வீடுகள் பல இடிக்கப்பட்டன. எனவே, யாருடைய நலனுக்காகப் பியர்சன் வாதாடினாரோ அவர்களுள் பலர் வீடிழந்தனர். அவர் வேண்டிய மலிவுக் கட்டணத் தொழிலாளர் வண்டிகளை இந்நிறுவனம் 1864 இல் இயக்கத் தொடங்கியது. 1883 ஆம் ஆண்டின் மலிவுத் தொடருந்துச் சட்டம் இத்தகைய வண்டிகளை நாடு முழுவதும் விரிவாக்க வழிசெய்தது. முதற்பாதையின் பெரும்பகுதி இன்றும் இலண்டன் நிலத்தடித் தொடருந்து வலையமைப்பில் பயன்பாட்டில் உள்ளது.