கம்ப்யூட்டருக்கு விலாசம் கொடுத்தவர்

கடிதம் வீடு வந்து சேர விலாசம் வேணும். கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. என்ற எண் விலாசம் உண்டு. அந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுத்த ஜான் போஸ்டலைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1943 ஆகஸ்ட் 6-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தார். 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில் வேலை செய்தார். யாருக்கு எந்த எண் என்ற கணக்கைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார்.

ஒரே அலுவலகத்தில் பல நெட்வொர்க் இருந்தால் தனித்தனித் தொகுதி வாங்கணும். எண்கள் வீணாகும். அதனால் 1985-ல் ஜெஃப்ரி மோகுலுடன் சேர்ந்து, வாங்கிய தொகுதியையே உள்ளுக்குள் பிரிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அதுதான் சப்நெட்.

நம்ம நாஞ்சில் நாட்டு வயலை நினைச்சுக்கோங்க. 0 முதல் 255 வரை 256 எண்கள். நாலா வகுத்தா வயலுக்கு 64.

0 – 63
64 – 127
128 – 191
192 – 255

வரப்புல நெல் நட முடியாதுல்லா? அதுபோல ஒவ்வொன்றிலும் முதல் எண் அந்த நெட்வொர்க்கைக் குறிக்கும். கடைசி எண் எல்லாருக்கும் ஒன்றாகச் செய்தி அனுப்ப. மீதி 62 தான் கம்ப்யூட்டருக்கு.

போஸ்டல் 1998 அக்டோபர் 16-ல் இதய நோயால் காலமானார். வயது 55 தான். சுமார் 429 கோடி விலாசங்களின் பொது இருப்பு 2011-ல் தீர்ந்தது. அளந்து பிரிக்காவிட்டால் முன்னமே தீர்ந்திருக்கும். நாம எல்லாரும் இன்டர்நெட் பார்ப்பதில் இவர் உழைப்பும் இருக்கு.

இப்போ கேள்வி: 192.168.1.100 எத்தனாவது வயல்? கண்டுபிடிச்சு என்கிட்ட சொல்லுங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி