கலீஃபாவுக்கு வந்த அழைப்பாணை

  

அப்பாஸிய கலீஃபாக்களில் இரண்டாமவர் அபூ ஜஃபர் அல்மன்சூர். ஹிஜ்ரி 136-ல், சகோதரர் ஸஃப்பாஹ் மரணித்த பின் ஆட்சிக்கு வந்தார். ஹிஜ்ரி 145-ல் பக்தாத் நகரைக் கட்டத் தொடங்கியவர் இவர்தான். சல்லிக்காசுக்கும் கணக்குப் பார்ப்பார் என்று மக்கள் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காழி பதவியை ஏற்க மறுத்தபோது சிறையில் அடைத்தவரும் இவரே. இப்படிப்பட்டவர் மீதே ஒரு வழக்கு வந்தது.

மன்சூர் மதீனாவுக்கு வந்திருந்த சமயம். அங்கே முஹம்மத் பின் இம்ரான் அத்தல்ஹீ (ரஹ்) காழியாக இருந்தார். ஒட்டகக்காரர்கள் சிலர் கலீஃபா மீது அவரிடம் முறையிட்டார்கள். கலீஃபா நேரில் ஆஜராக வேண்டும் என்று அழைப்பாணை எழுதும்படி தம் எழுத்தர் நுமைருக்குக் காழி உத்தரவிட்டார். நுமைர் நடுங்கினார். தன் கையெழுத்து கலீஃபாவுக்குத் தெரியும், தன்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். காழி விடவில்லை. எழுதி முத்திரையிட்டதும், அதை நுமைரே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

நுமைர் கடிதத்தைக் கலீஃபாவின் வாயில் அதிகாரி ரபீஇடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். ரபீஃ அவரைத் தேற்றிவிட்டுக் கடிதத்தை உள்ளே கொண்டு போனார். சற்று நேரத்தில் வெளியே வந்து, கலீஃபா நீதிமன்றத்திற்கு அழைக்கப்பட்டிருக்கிறார், யாரும் அவருடன் வரக்கூடாது என்று அறிவித்தார். மன்சூர் காழியின் சபைக்கு வந்தபோது காழி எழுந்து நிற்கவில்லை. வழக்காளிகளை அழைத்து விசாரித்தார், ஒட்டகக்காரர்களுக்கே தீர்ப்பளித்தார். மன்சூர் கோபப்படவில்லை. காழிக்காக துஆச் செய்து, 10,000 தீனார் வழங்க உத்தரவிட்டார். இமாம் ஸுயூதி (ரஹ்) தாரீகுல் குலஃபாவில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அன்பானவர்களே! நுமைர் அந்தக் கடிதத்தை வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். கலீஃபாவைப் பார்க்க முடியவில்லை என்று காழியிடம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த ஏழைகளின் வழக்கு அன்றே செத்திருக்கும். தீர்ப்பு காழியின் நாவில் இருந்தாலும், அது எழுத்தரின் கால் நடையைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது.

நம் நீதிமன்றங்களில் ஆணையை நிறைவேற்ற வருபவரை அமீனா என்கிறோம். நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்படும் அமீன் என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. காசு வாங்கிக்கொண்டு, ஆள் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதுபவர் அந்தப் பெயருக்கே துரோகம் செய்கிறார். எதிராளிக்கு சம்மன் போகாமலேயே போய்ச் சேர்ந்ததாகக் காட்டி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்குபவர் பெறுவது ஹராமான சொத்து. சம்மன் வருகிறது என்று தெரிந்து பின்வாசல் வழியாக ஓடுபவர், கலீஃபாவே நடந்து போன பாதையில் நடக்க மறுக்கிறார்.

மன்சூர் ஹிஜ்ரி 158-ல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில், மக்காவுக்கு அருகே மரணித்தார். அவர் இப்போது நிற்கப்போவதும் நாம் நிற்கப்போவதும் ஒரே நீதிமன்றத்தில்தான். அங்கிருந்து வரும் அழைப்பை யாரும் வாங்காமல் திருப்பி அனுப்ப முடியாது.

யா அல்லாஹ்! அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், எங்களுக்கு எதிராகவே இருந்தாலும் நீதிக்குக் கட்டுப்படுபவர்களாகவும் எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.